துடைக்காத இலை

நீர்வேலியில் வாழை வைத்திருப்பவர்களை எண்ணப் போனால் ஊரையே எண்ணவேண்டி வரும். அத்தனை பேருக்குள்ளும் சுபாஸ்கரனைக் காட்டச் சொன்னால் சின்னப் பிள்ளையும் காட்டிவிடும். தோட்டத்துக்கு அயன் பண்ணின சேட்டுப் போட்டுக்கொண்டு போகிற ஆள் அவன் ஒருவன்தான். காலையிலிருந்து மத்தியானம்வரை செம்மண்ணுக்குள் நின்று பாத்தி கட்டிவிட்டு வந்தாலும் காற்சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. "மண் நிலத்திலை இருக்கட்டும், என்னிலை அதுக்கு என்ன வேலை?" என்பான். மோட்டார் சைக்கிளின் சக்கரக் கம்பிகளைப் பல் தீட்டுகிற பிரஷ்ஷால் தேய்ப்பான். இப்படி ஒருவனோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்துவது எப்படி என்று அறிய விரும்புகிறவர்கள் அவன் மனைவி கஜானியிடம்தான் கேட்கவேண்டும். அவள் சிரிப்பாள்; பதில் சொல்லமாட்டாள்.

குலை விற்பது சுபாஸ்கரனின் பிழைப்பு. இலை விற்பது அவனுடைய பெருமை. கல்யாண வீடு, புது வீட்டுக் குடிபூரல், கோயில் அன்னதானம் எதுவென்றாலும் சுற்றுவட்டாரத்தில் இலைக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் இலையை வெட்டுவார்கள், அடுக்குவார்கள், நாரால் ஒரு கட்டுக் கட்டி அனுப்பிவிடுவார்கள். சுபாஸ்கரன் ஒவ்வோர் இலையையும் கிணற்றடித் தொட்டியில் அலசி, பழைய வேட்டித் துண்டால் மேற்பக்கத்தைத் துடைத்து, பிறகு கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தையும் துடைப்பான். அடிப்பக்கத்தில் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டவர்களுக்கு அவன் சொல்லும் பதில் ஊரறிந்தது.

"இலையை அடுக்கேக்கை ஒண்டின்ரை முதுகு மற்றதின்ரை முகத்திலை படுதெல்லோ? முதுகு அழுக்கெண்டால் முகம் எப்பிடிச் சுத்தமா இருக்கும்?"

இந்த நியாயத்தை எதிர்த்துப் பேச இன்றுவரை ஒருவரும் முன்வரவில்லை.

இந்தத் துடைப்புக்கு ஒரு கதை உண்டு. சின்ன வயதில் இடம்பெயர்ந்து, கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத் தரையில் குடும்பத்தோடு கிடந்த நாட்களில், அகப்பட்ட இலையில் அகப்பட்டதைப் போட்டுத் தின்று வளர்ந்தவன் அவன். அந்தச் சோற்றில் மண் இருந்தது. அது பல்லுக்குள் நறநறத்தது இன்னும் போகவில்லை என்று கஜானியிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அவள் அவனுடைய துடைப்பைக் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டாள். அடியோடு விட்டுவிட்டாள் என்று சொன்னால் அது பொய்.

கஜானி உரும்பிராய்க்காரி. பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். படிப்பிக்கிறதுக்கு லீவு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். சுபாஸ்கரன் காலையில் அவளை வாசலில் இறக்குவான், பின்னேரம் வாசலில் ஏற்றுவான். உள்ளே போனதில்லை. போகக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அவனுக்கே ஒரு கூச்சம். இவ்வளவு படிப்பு படிக்கிறவளுக்குத் தன்னால் ஒரு தும்பளவும் உதவி இல்லையே என்ற குறை அவன் மனதில் கிடந்து அரித்தது. அதை அவன் வெளியே சொன்னதில்லை. சொல்லாத குறையை அவன் மோட்டார் சைக்கிளில் தேய்த்துத் தீர்த்துக்கொண்டான்.

அவளுடைய ஆய்வு லேசரைப் பற்றியது. ஒருநாள் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டே அவள் அதை அவனுக்கு விளங்கப்படுத்தினாள்.

"கோயில் திருவிழாவிலை வானத்துக்கு அடிக்கிறாங்களே, பச்சையா ஒரு கோடு, அதோ?" என்றான் அவன்.

"அதுவும் லேசர்தான். அதுக்குள்ளை ரெண்டு கண்ணாடி இருக்கும். வெளிச்சம் ரெண்டுக்கும் நடுவிலை ஓடியோடிப் பெருகும். என்ரை லேசருக்குக் கண்ணாடி இல்லை."

"கண்ணாடி இல்லாமல் வெளிச்சம் எப்பிடி நிண்டு பெருகும்? ஓடிப்போயிடுமே."

கேள்வி சரியாக இருந்ததில் அவளுக்குச் சந்தோசம். துருவலை நிறுத்தினாள்.

"நல்லூர்த் தேரண்டைக்குச் சனத்துக்குள்ளை மாட்டுப்பட்டால் நீங்கள் நேரை நடந்து வெளியிலை வருவியளோ?"

"எங்கை? அங்கை முட்டி இஞ்சை முட்டி, நினைச்ச பக்கத்தை விட்டிட்டு வேறை எங்கையோதான் வருவன்."

"ஓம். இப்ப நீங்கள் முட்டுற ஒவ்வொரு ஆளும் அரோகரா எண்டு உங்களோடை சேர்ந்து, அதே பக்கம், அதே அடி வைச்சு நடக்கத் துவங்கினால்?"

"வெளியிலை வரேக்கை ஒரு பட்டாளமே வரும்."

"அதுதான். நீங்கள் வெளிச்சம். முட்டுற ஆக்களை உங்களோடை சேர்ந்து நடக்க வைக்கிறது நான் பூசுற சாயம். எனக்குத் தேவை அந்தச் சனநெருக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதா, ஒரு ஒழுங்கும் இல்லாமல், கண்டபடி சிக்குப்பட்டுக் கிடக்கோணும்."

ஒழுங்கில்லாமல் என்ற சொல் சுபாஸ்கரனின் காதில் சற்று உறுத்தியது. "அது எங்கை வாங்கலாம்?" என்று கேட்டான்.

"வாங்கேலாது. இயற்கையிலை கிடக்கு. சில வண்டின்ரை முதுகிலை, வண்ணத்துப்பூச்சியின்ரை செட்டையிலை. அது எப்பிடிக் கட்டியிருக்கெண்டு பாத்தால், அதே மாதிரி நாங்களும் மலிவாக் கட்டிப் பழகலாம்."

அன்றிலிருந்து அவன் கண்ணில் பட்டதையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தான். செத்த வண்ணத்துப்பூச்சி, சந்தையில் எடுத்த கணவாய் ஓடு, புலுனிக் குருவியின் இறகு. அவள் எல்லாவற்றின்மேலும் சாயம் கலந்த மெல்லிய பசையைப் பூசிக் காயவைத்து, ஒரு பொறியிலிருந்து பச்சை வெளிச்சத்தைத் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்சிப் பார்த்தாள். சாயம் செம்மஞ்சளாக மினுங்கும். கணினித் திரையில் அந்த மினுக்கம் ஒரு மேடுபோலத் தெரியும். மேடு என்றால் வெறும் மினுக்கம். அந்த மேட்டின் நடுவிலிருந்து ஒடுங்கிய கோடுகள் ஊசிபோல எழும்பினால்தான் லேசர். பின்னேரம் வாசலில் ஏறும்போது அவள் "மேடு" என்று ஒரு சொல் சொல்வாள். வீடு வரும்வரை வேறு கதை இருக்காது.

பிறகு ஊரெல்லாம் சிக்குன்குனியாக் காய்ச்சல் வந்தது. சுபாஸ்கரன் மூட்டுக்கு மூட்டு நோவெடுத்துப் படுக்கையில் விழுந்தான். ஒருநாள் காலை கஜானி பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில், வேலியோரம் நின்ற மொந்தன் வாழையில் ஒரு துண்டு இலையைத் தானே கிழித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனாள். முந்தின நாள் மழையில் அந்த இலையின் முதுகில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு விழுந்ததை அவள் கவனித்திருந்தாள். தண்ணீர் ஒட்டாத இலையில் ஏதோ சின்ன வேலைப்பாடு இருக்கும் என்று அவளுக்கு ஒரு ஊகம்.

பின்னேரம் அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் வந்த சத்தத்தில் காய்ச்சல்காரன் எழும்பி உட்கார்ந்துவிட்டான்.

"இஞ்சேருங்கோ! ஊசி! ஊசி ஊசியா எழும்பினது!"

"என்னத்திலை?"

"உங்கடை மொந்தனிலை!"

சுபாஸ்கரன் கட்டிலை விட்டு இறங்கி நின்றான். முழங்கால் நோகிற ஞாபகமே இல்லை. வாயெல்லாம் பல்லாக, "என்ரை மொந்தனோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். மிஞ்சின துண்டைத் தெற்கே அனுப்பி மின்னணு நுணுக்குக்காட்டியில் எடுப்பித்த படத்தையும் பிறகொரு நாள் அவள் காட்டினாள். இலையின் முதுகில் மெழுகு நூல் நூலாகச் சுருண்டு, இடியப்பத்தைப் பிசைந்து கொட்டினதுபோலச் சிக்கிக் கிடந்தது. தன் தோட்டத்தில் இவ்வளவு ஒழுங்கீனம் இருந்ததைப் பற்றி முதன்முறையாக அவனுக்குப் பெருமை வந்தது.

செய்தி ஊரில் பரவ ஒரு நாள் போதும். "சுபாஸ்கரன்ரை வாழையிலை லேசர் அடிக்குதாம்" என்று புத்தூர்வரை போய்விட்டது. கோயில் பரிபாலன சபையில் ஒருவர், கொடியேற்றத்துக்கு நாலைந்து மரத்தை வீதியில் நட்டால் லைட்காரனைப் பிடிக்கத் தேவையில்லையா என்று வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

காய்ச்சல் விட்டதும் சுபாஸ்கரன் கஜானியிடம் அறிவித்தான். "இனி இலை என்ரை பொறுப்பு. நீர் ஒண்டுக்கும் கவலைப்படாதேயும்."

"நல்ல இலையாப் பாத்துக் கொண்டுவாங்கோ" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். நல்ல இலை எப்படி இருக்கும் என்பதைச் சுபாஸ்கரனுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் தேவையா?

கல்யாண வீட்டு இலைக்கே அந்தப் பாடு என்றால், பல்கலைக்கழகத்துக்குப் போகிற இலைக்கு எப்படி என்று யோசித்துப் பாருங்கள். விடிய எழும்பி, குருத்துக்கு அடுத்த இலையாகத் தெரிந்து வெட்டுவான். தொட்டியில் புதுத் தண்ணீர் பிடித்து அலசுவான். வேட்டித் துண்டுக்குப் பதிலாகப் புது லேஞ்சி, முகம் துடைக்கிற கைக்குட்டை. மேற்பக்கம், அடிப்பக்கம், பிறகு மறுபடியும் அடிப்பக்கம். லேஞ்சி முனையை விரலில் சுற்றி நரம்பு நரம்பாகத் துடைப்பான். வெள்ளைத் துணியில் பொதிந்து கஜானியின் மடியில் வைப்பான். இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டா செய்வான்? வெளிக்கிடும்போது செருப்புப் போட்டேன் என்று யாராவது சொல்கிறார்களா?

மேடு. அடுத்த இலையிலும் மேடு. அதற்கடுத்ததிலும் மேடு.

கஜானி சாயத்தை மாற்றினாள். பசையை மாற்றினாள். முற்றின இலை, இளம் இலை, மழைக்கு முந்தினது, பிந்தினது என்று எல்லாம் பார்த்தாள். அவளை வழிநடத்திய கலாநிதி வித்தியாவும் கூட நின்று பார்த்தார். இருவரும் வாழையிலையோடு பிறந்து வளர்ந்தவர்கள்தான். பளபளவென்று பச்சையாக இருக்கிற இலைதான் அவர்கள் கண்ணுக்கு இலை. அந்த மெழுகு நூல்கள் தோலைப்போல இலையோடு ஒட்டிப் பிறந்தவை என்றே இருவரும் நினைத்திருந்தார்கள். புது இலைகளையும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அது தெற்கே வேறொரு நிறுவனத்தில் இருந்தது, முறை வரக் காத்திருக்கவேண்டும்.

இதற்கிடையில் வெளியிலிருந்து மதிப்பிடுகிற பேராசிரியர் சிவசுப்பிரமணியம் நோர்வேயிலிருந்து மின்னஞ்சல் அனுப்பினார். ஒரே ஒருமுறை தோன்றிவிட்டுப் போனதை முடிவென்று எழுத இயலாது என்றும், தான் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருவதாகவும், நேரில் காட்டினால் ஏற்பதாகவும், இல்லாவிட்டால் இலையைப் பற்றின பகுதி முழுவதையும் நீக்கவேண்டும் என்றும் அதில் இருந்தது. இலையை நீக்கினால் கஜானியின் ஆய்வில் மிஞ்சுவது புலுனி இறகு. லீவும் முடிகிற தறுவாய். வெறுங்கையோடு திரும்பிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் நிற்பதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்டைக்கு நான் கண்டது உண்மையோ எண்டே இப்ப சந்தேகமாக் கிடக்கு" என்றாள் ஒருநாள்.

சுபாஸ்கரனுக்குத் தன் தோட்டத்தின்மேல் கோபம் வந்தது. தான் கொடுக்கிற இலையில்தான் ஏதோ குறை என்று நினைத்தான். பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்தான். மறுநாள் இன்னும் அழுத்தித் துடைத்தான்.

பேராசிரியர் வருகிற கிழமையில் பச்சை வெளிச்சப் பொறியும் பழுதாகிப் போனது. திருத்துகிறவர் அவர் வருகிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம்தான் முடித்துக் கொடுப்பார் என்றார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கஜானி கையை விரித்துவிட்டிருந்த அந்த நேரத்தில்தான், புத்தூரில் ஜெயரூபன் வீட்டுக் குடிபூரல் வந்தது. ஜெயரூபன் சுபாஸ்கரனின் பால்ய நண்பன், ஓட்டோ ஓடுகிறவன். போகாமல் இருக்க முடியாது. இலையும் சுபாஸ்கரனுடையதுதான், ஆனால் இலைக் கட்டைக் காலையிலேயே ஜெயரூபன் வந்து, துடைக்கப் பொறுக்காமல் அவசரத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

புது வீட்டு விறாந்தையில் பந்தி போட்டார்கள். சுபாஸ்கரனும் கஜானியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இலை வந்தது. எல்லோரும் தண்ணீரைத் தெளித்து ஒரு வழி வழித்துவிட்டார்கள். சுபாஸ்கரன் மட்டும் மேற்பக்கத்தைத் துடைத்தான். இலையைத் தூக்கிக் கவிழ்த்தான். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முதுகைத் துடைத்தான். பரிமாறுகிறவன் சோற்றுப் பாத்திரத்தோடு காத்துக்கொண்டு நின்றான். லேஞ்சியில் சாம்பல்போல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

கஜானி பருப்பைப் பிசைந்த கையோடு அந்த லேஞ்சியைப் பார்த்தாள். எத்தனையோ பந்தியில் பார்த்துச் சிரித்த காட்சிதான். இப்போது சிரிப்பு வரவில்லை.

"இஞ்சேருங்கோ."

"என்ன? உப்புக் காணாதோ?"

"எனக்குக் கொண்டுவந்து தாற இலையையும்... உப்பிடித்தான் துடைக்கிறனீங்களோ?"

சுபாஸ்கரனின் முகம் மலர்ந்தது. ஒருவழியாக அவள் அதைக் கவனித்துக் கேட்டிருக்கிறாள்! "உப்பிடியோ? இது சும்மா ஊருக்குத் துடைக்கிறது. உமக்கெண்டால் புது லேஞ்சி. நரம்பு நரம்பா எடுப்பன்!"

கஜானிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. இடது கையால் வாயைப் பொத்தினாள். அடங்கவில்லை. கண்ணால் தண்ணீர் கொட்டியது. புரைக்கேறிவிட்டதென்று ஜெயரூபன் தண்ணீரோடு ஓடிவந்து அவள் தலையில் தட்டினான். அவள் சிரிப்புக்கும் இருமலுக்கும் நடுவில், "அந்த வெள்ளைதான்... அந்த வெள்ளைதான் நூல்..." என்றாள். சுபாஸ்கரன் லேஞ்சியைப் பார்த்தான். அந்த இடியப்பச் சிக்கல் அதில்தான் அப்பிக் கிடந்தது. பரிமாற வந்தவனிடம் தனக்குச் சோறு வேண்டாமென்று கையைக் காட்டினான்.

திரும்பி வரும் வழியில் அவன் கோப்பாய்ச் சந்தியில் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டி நிறுத்தினான்.

"உம்மடை இவ்வளவு நாள் உழைப்பையும் நான்தானே துடைச்சுப் போட்டன்" என்றான்.

"விசரே உங்களுக்கு? நான் நல்ல இலை கேட்டன். நீங்கள் நல்ல இலை தந்தியள். இன்னும் ஒண்டும் நிச்சயமில்லை. நாளண்டைக்குத்தான் தெரியும்."

அவள் சமாதானமாகத்தான் சொன்னாள். அவனுக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து அன்றிரவு இலை போடாமல் பீங்கான் கோப்பையில் சாப்பிட்டான். இலையைத் தொட அவனுக்குக் கை கூசியது. மறுநாளும் கோப்பைதான்.

துடைக்காத இலையைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுபோவது எப்படி என்று அவன் நாள் முழுக்க யோசித்தான். மடியில் வைத்தால் உடுப்பில் தேய்க்கும். சுருட்டினால் இலையே இலையைத் தேய்க்கும். மோட்டார் சைக்கிளில் காற்று அடிக்கும். கடைசியில் பேராசிரியர் வருகிற நாள் காலை ஜெயரூபனின் ஓட்டோவில், பின் இருக்கைக்கு மேலே கூரைக் கம்பியில், காம்பில் கயிறு கட்டி ஒரு முழு மொந்தன் இலையைத் தொங்கவிட்டான். ஆஸ்பத்திரியில் சேலைன் போத்தல் தொங்குகிற மாதிரித் தொங்கியது. பின் இருக்கை முழுவதும் இலைக்கு. கஜானி முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டாள். சுபாஸ்கரன் சாரதி இருக்கையின் ஓரத்தில் அரைவாசி வெளியே தொங்கிக்கொண்டு, இலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தான். அதன் முதுகில் சாம்பல் பூத்திருந்தது, இரண்டு இடத்தில் செம்மண் தூசியும் இருந்தது. வழி நெடுக அவன் கை லேஞ்சியைத் தேடிப் பைக்குள் போய்ப் போய்த் திரும்பி வந்தது.

"மச்சான், மெதுவாப் போடா. பள்ளத்திலை விடாதை."

"டேய், பிள்ளைத்தாய்ச்சியைக் கூட நான் உப்பிடி ஏத்தேல்லை" என்றான் ஜெயரூபன்.

அன்றுதான் சுபாஸ்கரன் முதன்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே போனான். காம்பைப் பிடித்தபடி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவன்போல நடந்து, ஆய்வுகூடத்து மேசையில் இருந்த வெள்ளைத் தட்டில் முதுகு மேலே தெரிய இலையை வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்றான்.

பேராசிரியர் சிவசுப்பிரமணியம் வந்தார். தலை முழுக்க நரை. சிரிப்பை நோர்வேயில் விட்டுவிட்டு வந்தவர்போல முகம். "ம்" என்பதற்கு மேல் பேசவில்லை. கஜானி அந்தப் பக்கம் திரும்பிச் சாயம் கலந்துகொண்டிருந்தாள். கலாநிதி வித்தியா கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் வந்த களைப்பில் பேராசிரியர் மேசைப் பக்கமாக வந்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

கையில் தண்ணீர். முன்னால் வாழையிலை. ஆள் உரும்பிராயில் பிறந்தவர்.

அடுத்து நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றினார், இலைமேல் தெளித்தார், நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வடிவாக ஒரு வழி வழித்தார். இரண்டாவது வழிப்புக்குக் கை திரும்பியபோது ஆய்வுகூடம் அதிரும்படி ஒரு சத்தம் கேட்டது.

"ஐயோ, துடையாதேங்கோ!"

சுபாஸ்கரன் பாய்ந்து வந்து பேராசிரியரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். வித்தியாவின் முகத்தில் ஈயாடவில்லை. கஜானியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"ஆர் நீர்?" என்றார் பேராசிரியர்.

"நான்... கஜானியின்ரை மனுசன். இந்த இலை என்ரை தோட்டத்து இலை." அவன் இன்னும் அவர் மணிக்கட்டை விடவில்லை. "இதைத் துடைக்கக்கூடாது ஐயா. அவ கண்டது உண்மை. நான்தான் ஒவ்வொரு இலையையும் துடைச்சுத் துடைச்சுக் குடுத்து எல்லாத்தையும் பாழாக்கினனான். பிழை முழுக்க என்ரை. அவவிலை ஒரு பிழையும் இல்லை."

இதை இப்படி எல்லோருக்கும் முன்னால் உடைத்துச் சொல்லுமாறு கஜானி அவனிடம் கேட்கவில்லை. இலை கையாளப்பட்ட முறையில் ஒரு தவறு நேர்ந்தது என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டுப் போகத்தான் அவள் நினைத்திருந்தாள். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேராசிரியர் தன் கையைப் பார்த்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனிகளில் வெள்ளை.

"நான் இப்ப என்ன செய்தனான்?" என்றார் மெதுவாக.

"துடைச்சனீங்கள், சேர்" என்றாள் கஜானி.

"இலையிலை சாப்பிட்டுக் கன காலம். சமையல்காரனுமில்லை, சோறுமில்லை, ஆய்வுகூடத்துக்குள்ளை நிண்டுகொண்டு..." அவர் தோள் குலுங்கியது. முகம் எல்லாம் சுருங்கி, கண் இடுங்கி, அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பை அவர் நோர்வேயில் விட்டுவிட்டு வரவில்லை.

முதலில் தெளிந்தவள் கஜானிதான். "சேர், நீங்கள் வழிச்ச இடத்திலை ஒரு துண்டு வெட்டுறன். அதுக்குப் பக்கத்திலை, வழிக்காத இடத்திலை ஒரு துண்டு வெட்டுறன். ஒரே இலை. ஒரே சாயம்."

பேராசிரியர் சிரிப்பை நிறுத்தி அவளைப் பார்த்தார். "ஓம். அதைச் செய்யும்."

எல்லோரும் செம்மஞ்சள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். சுபாஸ்கரனுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதை மாட்டுமுன் லேஞ்சியை எடுத்து இரண்டு பக்கமும் துடைத்தான். அதை யாரும் தடுக்கவில்லை.

முதலில் பேராசிரியர் துடைத்த துண்டு. பச்சை வெளிச்சம் டிக் டிக்கென்று துடித்தது. திரையில் மேடு. வலுவைக் கூட்டினாள். மேடு உயர்ந்தது, மேடாகவே இருந்தது.

பிறகு துடைக்காத துண்டு. மேடு.

சுபாஸ்கரன் திரைக்குக் கிட்ட ஓரடி வைத்தான். தூசியோடு ஒரு இலையை ஊரார் பார்க்கக் கொண்டுவந்தும் இதுதானா? கஜானி திரும்பிப் பார்க்காமலே, "கொஞ்சம் பொறுங்கோ, இன்னும் கூட்டேல்லை" என்றாள். அது தனக்குத்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் வலுவைச் சற்றுக் கூட்டினாள். மேட்டின் உச்சி மெல்ல நடுங்கியது. இன்னும் சற்று.

ஊசி எழும்பியது. ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, பிறகு அடர்த்தியாக. மேடு அவற்றின் காலடியில் சிறுத்துப் போனது. வெளியே வானத்துக்கு ஒரு கோடும் அடிக்கவில்லை; அரிசியளவு இடத்தில் ஒரு செம்மஞ்சள் பொட்டு எல்லாப் பக்கமும் ஒளிர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். கொடியேற்றத்துக்கு உதவாது. சுபாஸ்கரன் தன் வாழ்நாளில் அதைப்போல வடிவான ஒன்றைக் கண்டதில்லை.

பேராசிரியர் உடனே தலையாட்டிவிடவில்லை. "இலைக்காரர், நீர் ஒரு இடம் காட்டும்" என்றார். சுபாஸ்கரன் தொடாமல் விரலால் காட்டினான். அங்கே வெட்டிப் பார்த்தார்கள். ஊசி. இன்னோர் இடம். அங்கும் ஊசி. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"துடைச்ச இலைக்கு நானே சாட்சி. இனி நான் நம்பாமல் இருக்கேலுமோ? இலைப் பகுதி இருக்கட்டும், பிள்ளை. ஆனால் துடைச்சதிலை ஊசி ஏன் வரேல்லை எண்டதையும் எழுதும். அது வந்ததை விடப் பெரிய விசயம்."

கலாநிதி வித்தியா கஜானியைக் கட்டிப்பிடித்தார். கஜானி அழுதாள். சுபாஸ்கரன் என்ன செய்வதென்று தெரியாமல் கீழே கிடந்த கரண்டியை எடுத்துத் துடைத்தான்.

மத்தியானம் ஜெயரூபன் கடையில் சோற்றுப் பார்சல் வாங்கி வந்தான். பிரித்துப் போட்டுச் சாப்பிட நல்ல இலையும் ஓட்டோவில் இருந்தது. காலையில் சுபாஸ்கரன் வெட்டும்போது பழக்கத்தில் கூடவே வெட்டியிருந்தான். ஆளுக்கொரு துண்டாக மேசையில் போட்டான். கை லேஞ்சிப் பக்கம் போகவில்லை. மற்றவர்கள் தண்ணீர் தெளித்து ஒரு வழி வழித்துக்கொண்டார்கள். அவன் தனக்கு இலை போடாமல், பார்சல் தாளிலேயே சாப்பிடலாம் என்று இருந்தான்.

கஜானி தன் இலையை இரண்டு கையாலும் தூக்கி அவன் பக்கம் நீட்டினாள்.

"என்ன?" என்றான் அவன்.

"துடைச்சுத் தாங்கோ."

"வேண்டாம் விடும். நான் துடைச்சதெல்லாம் போதும்."

"அது ஆய்வுகூடத்து இலை. இது சாப்பிடுற இலை" என்றாள் அவள். "மண் கிடந்தால் எனக்கும் பல்லுக்குள்ளை நறநறக்கும். ரெண்டு பக்கமும்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் இலையை நீட்டியபடியே இருந்தாள். பேராசிரியரும் ஏற்கெனவே வழித்த தன் இலையை மெல்ல அவன் முன்னால் தள்ளி வைத்தார். சுபாஸ்கரன் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து ஒருமுறை உதறினான். கஜானியின் இலையைக் கவிழ்த்துப் போட்டு, முதலில் அடிப்பக்கத்தை நரம்பு நரம்பாகத் துடைத்தான்.